ஒரே எண்ணெய், இரண்டு அளவுகள்!

ஒரு பௌதிக ஆசிரியர் பௌதிகத்தை மறந்ததால் நடந்த கதையை முதலில் சொல்கிறேன். அந்த ஆசிரியர் வேறு யாரும் அல்லர், நானேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியற்காலை. சேலத்தில் வசிக்கும் என் நண்பர் குடும்பத்துடன் ஏற்காடு மலைக்குப் புறப்பட்டுக் கொண்டிருந்தார். அவருடையது தானியங்கி கியர் கொண்ட பழைய கார். "சார், கியர் ஆயிலைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றார். எஞ்சினை ஓடவிட்டு, டிப்ஸ்டிக் எனப்படும் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் சற்றுக் கீழே நின்றது. அரை லிட்டர் ஊற்றினேன். உடனே மீண்டும் பார்த்தேன். மட்டம் மேற்கோட்டை எட்டவில்லை. இன்னும் ஊற்றினேன். மொத்தம் ஏறக்குறைய ஒரு லிட்டர் உள்ளே போயிற்று.

ஏற்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பாதி வழியில் கார் தடுமாறியது. எஞ்சின் உறுமியது, சக்கரங்களோ நகர மறுத்தன. தீய்ந்த எண்ணெய் வாடை வீசியது. நண்பர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, குழந்தைகளை இறக்கி, சக்கரத்துக்கு அண்டைக்கல் வைத்தார். சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் செய்த வேலை ஒன்றுதான். கார் ஆறும்வரை காத்திருந்து, ஒரு லிட்டர் எண்ணெயை வெளியே எடுத்தார். கார் பழையபடி ஓடியது!

அப்படியானால் தொடக்கத்தில் எண்ணெய் குறையவே இல்லையா? ஆம், குறையவில்லை. குச்சியைத் துடைத்துப் பார்த்தபோது, கோடுகளின் அருகே 'ஹாட்' என்று ஆங்கிலத்தில் சிறியதாகப் பொறித்திருந்தது தெரிந்தது. சூடான எண்ணெய்க்குரிய கோட்டில் குளிர்ந்த எண்ணெயை அளந்திருந்தேன்.

இந்த எண்ணெய்க்கு என்ன வேலை?

சாதாரணக் காரில் ஓட்டுநர் கிளச்சை மிதித்துக் கியரை மாற்றுகிறார். இங்கே நாம் பார்க்கும் தானியங்கிக் காரில் அந்த வேலைகளை எண்ணெய் செய்கிறது. இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். மற்றொன்றின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். முதல் விசிறியின் காற்று இரண்டாவதையும் சுழற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெயையும், திறந்த வெளிக்குப் பதில் மூடிய உறையையும் நினைத்துக் கொண்டால் அதுவே திரவ இணைப்பு. இரண்டு விசிறிகளுக்கும் இடையே, திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றும் மூன்றாவது சக்கரம் ஒன்றையும் சேர்த்தால் 'டார்க் கன்வெர்ட்டர்', அதாவது திருப்புவிசை மாற்றி கிடைக்கும். கார் கிளம்பும்போது இது எஞ்சினின் திருப்புவிசையைச் சுமார் இரண்டு மடங்காக்கித் தருகிறது.

இந்த வழியை ஜெர்மானியப் பொறியியலாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் கப்பல்களுக்காகக் கண்டுபிடித்து 1905-ல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனத்தின் 1940-ஆம் ஆண்டுக் கார்களில் 'ஹைட்ரா-மேட்டிக்' என்னும் தானியங்கி கியர் பெட்டி வந்தது. பெருமளவில் உற்பத்தியான முதல் முழுத் தானியங்கி அதுவே. அதில் எளிய திரவ இணைப்புதான் இருந்தது.

ஆற்றலைக் கடத்துவதோடு எண்ணெயின் வேலை முடிவதில்லை. பம்பு ஒன்று அதை அழுத்தத்துடன் செலுத்த, அந்த அழுத்தம் கியர் பெட்டிக்குள் உள்ள கிளச்சுத் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. பாஸ்கல் விதி இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. மேலும் எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது, வெப்பத்தையும் வெளியே எடுத்துச் செல்கிறது.

எவ்வளவு விரிவடையும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கியர் பெட்டியில் 9 லிட்டர் எண்ணெய் இருப்பதாகக் கொள்வோம். இத்தகைய எண்ணெயின் பரும விரிவு எண் ஒரு டிகிரி செல்சியசுக்குச் சுமார் 0.00075. காலையில் 20 டிகிரியில் இருந்த எண்ணெய், கார் ஓடியபின் 80 டிகிரியை அடைகிறது. உயர்வு 60 டிகிரி.

பருமன் அதிகரிப்பு = 9 × 0.00075 × 60 = 0.405 லிட்டர்.

அதாவது ஏறக்குறைய 400 மில்லி லிட்டர்! பல கார்களின் டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் உள்ள வேறுபாடே சுமார் அரை லிட்டர்தான். ஒரு சொட்டும் கூட்டாமல், குறைக்காமல், சூட்டினால் மட்டுமே மட்டம் ஒரு கோட்டிலிருந்து மற்றதை நெருங்கிவிடுகிறது.

'நூற்றுக்கு நான்கரை பங்குதானே விரிகிறது, அது எப்படி இவ்வளவு பெரிதாகத் தெரியும்?' என்று கேட்பீர்கள். வெப்பமானியை நினைத்துப் பாருங்கள். குமிழில் உள்ள பாதரசம் முழுவதும் விரிகிறது, ஆனால் அந்த விரிவு மெல்லிய குழாயில் மட்டுமே தெரிகிறது. அதுபோல எஞ்சின் ஓடும்போது டார்க் கன்வெர்ட்டரும் எண்ணெய் வழிகளும் எப்போதும் நிரம்பியே இருக்கின்றன. ஆகவே மொத்த எண்ணெயின் விரிவும் அடித்தொட்டியில் வந்து சேர்கிறது. குச்சி அளப்பது அந்தத் தொட்டியின் மட்டத்தைத்தான்.

நான் செய்த இரண்டாவது பிழை பாகுநிலையைப் பற்றியது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியானது. ஊற்றியது குழாயின் சுவரில் ஒட்டி மெல்ல மெல்ல இறங்கியது. அது அடித்தொட்டியைச் சேரும் முன்னரே நான் குச்சியைப் பார்த்து, 'போதவில்லை' என்று முடிவு கட்டினேன்.

மிகுந்தாலும் தீமை, குறைந்தாலும் தீமை

எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். மிகுந்தாலோ சுழலும் பற்சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கி அதை மோர் கடைவதுபோல் கடையும், நுரை பொங்கும். நுரை என்பதும் எண்ணெயில் கலந்த காற்றுதானே? எண்ணெயை எளிதில் அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். ஆகவே அழுத்தம் குறைகிறது. கிளச்சுத் தட்டுகள் இறுகாமல் வழுக்குகின்றன. வழுக்கும் தட்டுகள் உராய்ந்து சூடேறுகின்றன. சூட்டில் எண்ணெயும் கெடுகிறது. மலைப்பாதையில் எஞ்சின் உறுமியும் கார் நகராததன் காரணம் இதுவே. அன்று உடனே நிறுத்தியதால் தப்பித்தோம். தொடர்ந்து ஓட்டியிருந்தால் கியர் பெட்டியே பாழாகியிருக்கும்.

சரியாக அளப்பது எப்படி?

டிப்ஸ்டிக் உள்ள பெரும்பாலான கார்களுக்குரிய முறை இது:

1. கார் சமதளத்தில் நிற்கவேண்டும். சரிவில் நின்றால் மட்டமும் சாயும்.
2. சுமார் 20 கிலோமீட்டர் ஓட்டியபின் அளக்கவேண்டும்.
3. பிரேக்கை மிதித்தபடி கியர் நெம்புகோலை எல்லா நிலைகளுக்கும் மெல்ல நகர்த்தி, மீண்டும் 'பார்க்' நிலைக்குக் கொண்டுவந்து, கைப்பிரேக்கையும் இழுக்கவேண்டும். இதனால் எண்ணெய் வழிகள் எல்லாம் நிரம்பும்.
4. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் மேலே உள்ள எண்ணெய் தொட்டிக்கு வடிந்து, மட்டம் பொய்யாக உயரும்.
5. குச்சியை எடுத்து, நூல் பிரியாத துணியால் துடைத்து, முழுவதும் செருகி, மறுபடி எடுத்துப் பார்க்கவேண்டும்.

நிறத்தையும் கவனிக்கவேண்டும். எஞ்சின் எண்ணெயோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கப் பலவகைத் தானியங்கி எண்ணெய்களுக்குச் சிவப்புச் சாயம் ஊட்டுகிறார்கள். கருத்துத் தீய்ந்த வாடை வீசினால் எண்ணெய் கெட்டுவிட்டது. பால் கலந்த ரோஜா நிறம் தெரிந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

இதற்கு விலக்கும் உண்டு. ஹோண்டா நிறுவனத்தின் பல கார்களில், சூடான எஞ்சினை நிறுத்திய ஒன்றரை நிமிடத்துக்குள் அளக்கச் சொல்கிறார்கள். ஆகவே காரின் கையேடே இறுதி விதி. இன்றைய கார்கள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. மெக்கானிக் கருவியால் எண்ணெயின் வெப்பநிலையை அளந்து, குறிப்பிட்ட வெப்பநிலையில் அடித்தொட்டியின் திருகைத் திறந்து மட்டத்தைச் சரிபார்க்கிறார்.

ஓர் எச்சரிக்கை. ஓடும் எஞ்சினின் அருகே விசிறியும் பெல்ட்டும் சுழலும், குழாய்கள் கொதிக்கும். பெரியவர்கள் செய்யும்போது எட்ட நின்று பாருங்கள். நீங்கள் கை வைக்கவேண்டாம்.

நீங்களே செய்து பாருங்கள்

10 மில்லி லிட்டர் கொள்ளும் சிறிய கண்ணாடிப் புட்டியில் நல்லெண்ணெயை விளிம்புவரை நிரப்புங்கள். ரப்பர் மூடியில் துளையிட்டு, மை தீர்ந்து முனை நீக்கிக் கழுவிய பேனா ரீஃபில் குழாயை இறுகச் செருகுங்கள். குழாயில் எண்ணெய் நிற்கும் இடத்தில் மையால் கோடிடுங்கள். புட்டியைக் கை பொறுக்கும் வெந்நீரில் வையுங்கள். எண்ணெய் பல சென்டிமீட்டர் ஏறுவதைக் காண்பீர்கள். இப்போது யாராவது "புட்டியில் எண்ணெய் எந்த மட்டத்தில் இருக்கிறது?" என்று கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? "எந்த வெப்பநிலையில்?" என்று திருப்பிக் கேட்பீர்கள் அல்லவா? அந்தக் கேள்வியைத்தான் அன்று விடியற்காலை நான் கேட்க மறந்தேன்.

சிந்தித்துப் பாருங்கள்

1. பெட்ரோல் பங்குகளில் எழுதும் அடர்த்தி 15 டிகிரி செல்சியசுக்கு உரியது. ஏன் ஒரு வெப்பநிலையைக் குறிப்பிடுகிறார்கள்?
2. மேற்கண்ட கணக்கில் 9 லிட்டருக்குப் பதில் 6 லிட்டர் எண்ணெய் இருந்தால் விரிவு எவ்வளவு?
3. கியர் பெட்டியின் உலோகமும் சூட்டில் விரியுமே, நம் கணக்கில் அதை ஏன் விட்டுவிட்டோம்?