சென்னையிலிருந்து ஜித்தா: வானவழிப் பயணத்தில் தொழுகையும் இஹ்ராமும்

உம்ராவுக்குச் செல்லும் நம்மவர்கள் பெட்டி கட்டுவதில் காட்டும் அக்கறையைப் பயணத்தின் சட்டங்களை அறிவதில் காட்டுவதில்லை. ஹரம் ஷரீபில் ஒரு வக்தும் தவறக்கூடாது என்று ஆசைப்படும் நாம், வழியில் ஒரு பர்ளைத் தவற விடலாமா?

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வானவழித் தூரம் ஏறத்தாழ 4,400 கிலோ மீட்டர். நேராகச் செல்லும் விமானம் இதைச் சுமார் ஐந்தரை முதல் ஆறு மணி நேரத்தில் கடக்கிறது.

"களைப்பே இல்லாத பயணம், இதற்கும் கஸ்ரு உண்டா?" என்று சிலர் கேட்பதுண்டு. உண்டு. சட்டம் தூரத்தைத்தான் பார்க்கிறது. கடக்கும் நேரத்தை அல்ல. கப்பலில் அந்தத் தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடந்தாலும் கஸ்ரு செய்யலாம் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே தமது மின்ஹாஜில் எழுதிவிட்டார்கள். ஆனால், ஊர் எல்லையைத் தாண்டிய பிறகே கஸ்ரு தொடங்கும். சென்னைவாசிக்கு மீனம்பாக்கமும் ஊருக்குள்தான். அங்கே அவர் முழுமையாகத் தொழ வேண்டும். காயல்பட்டினத்திலிருந்து வந்து அன்றே விமானம் ஏறுபவரோ முன்பே முஸாபிர் ஆகிவிட்டார்.

அடுத்து, நேரத்தைக் கவனிப்போம். ஜித்தா நமக்கு மேற்கே சுமார் 41 பாகை தள்ளியுள்ளது. சூரியன் ஒரு மணிக்கு 15 பாகை நகர்வதால், போகும்போது பகல் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் நீள்கிறது. திரும்பும்போது அதே அளவு சுருங்குகிறது. ஜித்தாவில் சூரியன் மறைய நாலரை மணி நேரம் இருக்கையில் புறப்பட்டால், சுமார் மூன்று மணி நேரத்திலேயே வானில் மஃரிபு வந்துவிடும். ஜித்தா நேரத்தைக் காட்டும் கைக்கடிகாரத்தை நம்பி இருப்பவருக்கு அஸர் கைநழுவிப் போகும்.

ஷாபிஈ மத்ஹபினர் ஜித்தா விமான நிலையத்திலேயே ளுஹரோடு அஸரை முற்படுத்தி ஜம்உ செய்து கஸ்ராகத் தொழுதுவிடலாம். ஹனபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரபாவிலும் முஸ்தலிபாவிலும் தவிர ஜம்உ இல்லை. ஆகவே அவர்கள் ஒளூவுடன் ஏறி, வக்து வந்ததும் விமானத்திலேயே தொழ வேண்டும். போகும்போது கிப்லா ஏறத்தாழ விமானத்தின் முன்பக்கமும், வரும்போது பின்பக்கமும் இருக்கும். நின்று கிப்லாவை நோக்கித் தொழ இயலாதபோது, வக்தின் கண்ணியத்திற்காக இயன்றவாறு தொழுது, பின்னர் மீட்டித் தொழ வேண்டும் என்பது ஷாபிஈ சட்டம்.

இறுதியாக இஹ்ராம். நேரே மக்கா செல்பவர்களின் விமானம் ஜித்தாவில் இறங்குவதற்கு முன்பே மீகாத் எல்லையைக் கடந்துவிடுகிறது. அது நமக்காக அங்கே நிற்காது. அறிவிப்பு வரும் என்று காத்திருந்து உறங்கிவிட்டவர் இஹ்ராமின்றிக் கடந்தால், மீகாத்துக்குத் திரும்பிச் சென்று இஹ்ராம் கட்ட வேண்டும். இல்லையேல் பரிகாரமாக ஆடு அறுக்க வேண்டும். ஆகவே இஹ்ராம் உடையை வீட்டிலோ விமான நிலையத்திலோ அணிந்துகொள்வோம். இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே நிய்யத்துச் செய்து தல்பியா சொல்லிவிடுவோம். மீகாத்துக்குச் சற்று முன்னரே இஹ்ராம் கட்டுவதில் தவறில்லை, பிந்துவதில்தான் குற்றம்.

வீட்டிலுள்ள பெரியவர்கள் புறப்படுமுன், இளையவர்கள் இவற்றை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அல்லாஹ் நம் பயணங்களையும் தொழுகைகளையும் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.