சட்டம் அறிவோம்: சோதனைச் சாவடியில் பொலிஸார் மறித்தால்



நம் தோட்டத்தில் இருந்து அச்சுவேலிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிள்ளையின் வீட்டு விசேஷத்துக்கு ஒரு வேனில் போயிருந்தோம். இரவு திரும்பி வரும்போது ஒரு சோதனைச் சாவடியில் லைற் அடித்து மறித்தார்கள். வேன் ஓட்டிய தம்பி அதற்குச் சற்று முன்புதான் சிக்னல் போடாமல் திரும்பியிருந்தான். பயந்துபோய், "ஐயா, நிப்பாட்டாம போயிறவா?" என்று கேட்டான். "வேணாம்பா, ஓரமா நிப்பாட்டு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

2016 ஒக்டோபர் 20 இரவு, யாழ்ப்பாணம் குளப்பிட்டிச் சந்தியில் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பல்கலைக்கழக மாணவர் இறந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள். பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரிந்தது. மறித்தபோது நிற்கவில்லை, அதனால் சுட்டோம் என்று பிறகு சொல்லப்பட்டது. ஐந்து பொலிஸார் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடம் உண்டு. மறித்தால் நிற்க வேண்டும் என்பது ஒன்று. நிற்காமல் போனதற்காக மட்டும் ஒருவரின் உயிரை எடுக்கச் சட்டம் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்பது மற்றது. சீருடை போட்டவரும் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான்.

நம்முடைய கடமை

1. சீருடையில் உள்ள பொலிஸார் சைகை காட்டினால் வாகனத்தை ஓரமாக நிறுத்துங்கள்.

2. சாரதி அனுமதிப் பத்திரம், வாகன வரிப் பத்திரம், காப்புறுதிப் பத்திரம் மூன்றும் கையில் இருக்கட்டும். கேட்டால் காட்டுங்கள். வாய்ச் சண்டை வேண்டாம்.

அவர்களுடைய கடமை

1. சிறு குற்றத்துக்குத் தண்டச் சீட்டு எழுதித் தர வேண்டும். காசு கட்டும் இடம் தபால் கந்தோர். வீதியில் நிற்பவர் கையில் காசு கொடுப்பது லஞ்சம். வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் குற்றவாளிதான். அனுமதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டால், அந்தச் சீட்டே 14 நாளைக்குத் தற்காலிக அனுமதிப் பத்திரம்.

2. பெண்களின் உடலைப் பெண் பொலிஸார்தான், மரியாதையோடு, சோதிக்க வேண்டும்.

3. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். இது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரண சட்டத்தில் கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும்.

அநியாயம் நடந்தால்

தேதி, நேரம், இடம், உத்தியோகத்தரின் இலக்கம், பார்த்த சாட்சி எல்லாவற்றையும் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். அடிபட்டிருந்தால் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், காயம் எப்படி வந்தது என்று டொக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

அடிப்படை உரிமை வழக்கை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். இந்தத் தவணை தவறித்தான் பல நியாயமான வழக்குகள் விழுந்துபோகின்றன. ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தந்த வசதி இது. ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கமும் 1996தான், மறக்காது. யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் கிளைகள் உண்டு. பொலிஸாரின் நடத்தை பற்றித் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.

வழக்குப் போட்டு என்ன ஆகப்போகுது என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1996 செப்டெம்பரில் செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்ட பாடசாலை மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியும், தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். யுத்த காலத்திலேயே வழக்கு நடந்து, 1998 ஜூலையில் குற்றவாளிகளுக்குத் தீர்ப்பு வந்தது. போன உயிர் திரும்பவில்லை. ஆனால் உண்மை பதிவானது.

அன்றிரவு எங்களிடம் 2,000 ரூபா கேட்டார்கள். "சீட்டு எழுதித் தாங்க சேர், தபால் கந்தோரில கட்டுறோம்" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுதித் தந்தார். தம்பி அடுத்த நாள் போய்க் கட்டினான், பற்றுச்சீட்டு அவனிடம் இருக்கிறது.

வாசித்தவர்கள் லயத்தில் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். முக்கியமாக, இரவில் மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் ஓட்டும் நம் பையன்களுக்கு.