கூம்புக் கூடாரத்துக்கு யார் உரிமையாளர்?

கேள்வி: மலையேறுவோர் சுமந்து செல்லும் எடை குறைந்த கூடாரங்கள் பல, பழங்குடிகளின் கூடாரங்களைப் போலவே இருக்கின்றனவே. அவற்றுக்குக் காப்புரிமை கிடைக்குமா?

பதில்: பழைய வடிவத்துக்குக் கிடைக்காது, அதில் புதிதாகச் சேர்த்த நுட்பத்துக்குக் கிடைக்கலாம். காப்புரிமை கோரும் கண்டுபிடிப்பு ஏற்கெனவே அறியப்படாததாகவும், அத்துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும்.

அமெரிக்க ராணுவ அதிகாரி ஹென்றி சிப்லி 1856-இல் காப்புரிமை பெற்ற கூடாரம் இதற்குச் சரியான சான்று. வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகளின் 'டிப்பி'தான் அதற்கு முன்மாதிரி. கூம்பு வடிவம், நடுவில் நெருப்பு, புகை போக உச்சியில் திறப்பு ஆகிய மூன்றும் டிப்பியில் இருந்தவை. டிப்பியைப் பல கழிகள் தாங்கும். சிப்லி கூடாரத்தைத் தாங்கியதோ இரும்பு முக்காலியின் மேல் நிற்கும் ஒற்றைக் கம்பம். நெருப்பு முக்காலியின் கால்களுக்கிடையே எரிந்தது.

இன்றைய மலையேறிகள் தங்கள் ஊன்றுகோலையே அந்த நடுக்கம்பமாக்கி, மெல்லிய நைலான் துணியை விரிக்கிறார்கள். ஒற்றைக் கம்பக் கூம்பு இன்று பொதுச்சொத்து. புதுவகைக் காற்றோட்ட அமைப்பு, கம்ப இணைப்பு போன்றவற்றுக்கே, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை உரிமை கிடைக்கும்.

மரபறிவாகவே உள்ள ஒன்றுக்குக் காப்புரிமை இல்லை என்று இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. மரபு வடிவத்தை யாரும் தைத்து விற்கலாம். அதை உருவாக்கிய மக்களின் பெயரைச் சொல்வதே நேர்மை.