கடற்கரையில் நிற்கும் செஞ்சித் தூண்கள்

கேள்வி: பாரிஸ் நகரத்து நினைவுச்சின்னங்களையும் சிலைகளையும் நேரில் பார்க்க ஆசை. எங்களைப் போன்றவர்களுக்கு அது நடக்கிற காரியமா?
– ஒரு வாசகர், கண்டமங்கலம்

பதில்: ஆசையை விட்டுவிடாதீர்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி பஸ் ஏறுங்கள். பாரதி பூங்கா நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கும் ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பியது. முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவு அது. தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள் என்பது ஊர்க்கதை. பாரிஸின் வெற்றி வளைவு போர்வீரர்களுக்கானது, இது தண்ணீருக்கானது. எனக்கு இதுதான் உயர்வாகப் படுகிறது.

பிறகு கடற்கரைக்குப் போங்கள். 1870-இல் நிறுவப்பட்ட, பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் சிலை தெற்கே இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவிடம் 1938-இல் திறக்கப்பட்டது.

ஆனால் காந்தி சிலையருகே கொஞ்ச நேரம் நில்லுங்கள். சிலையை வடித்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சென்னை மெரினாவின் உழைப்பாளர் சிலையும் அவருடையதே. சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களைத் தொட்டுப் பாருங்கள். உப்புக்காற்றிலும் உளி வேலை அழியாமல் கைக்குத் தட்டுப்படும். அவை செஞ்சியிலிருந்து வந்தவை. 1750 முதல் 1761 வரை செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது.

செஞ்சி உங்கள் விழுப்புரம் மாவட்டம்தான். குழந்தைகளையும் கூட்டிப்போய், நம்ம ஊர்க் கல் என்று காட்டுங்கள்.