மிதிவண்டியும் எதிர்காற்றும்

நுழையும்முன்

பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் மிதிவண்டி, மாணவர் பலரை நாள்தோறும் பள்ளிக்குக் கொண்டு சேர்க்கிறது. வண்டியும் ஒன்றே, சாலையும் ஒன்றே. எனினும், பயணம் ஒருநாள் எளிதாகவும் மறுநாள் கடினமாகவும் இருப்பது ஏன்?

மிதிவண்டி ஓட்டுபவர் வெல்ல வேண்டிய தடைகள் மூன்று. டயருக்கும் தரைக்கும் இடையே எழும் உராய்வு ஒன்று, மேட்டில் பின்னிழுக்கும் புவியீர்ப்பு மற்றொன்று, காற்றுத்தடை மூன்றாவது. முதலிரண்டும் எடை கூடக் கூடும். காற்றுத்தடையோ வேகத்தையும், காற்றை எதிர்கொள்ளும் உடற்பரப்பையும் பொறுத்தது.

காற்று வீசாத சமதளச் சாலையில் வேகம் இருமடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். அதனை வெல்ல நொடிதோறும் செலவிடும் ஆற்றல் எட்டு மடங்காகும். பந்தய வீரர்கள் முதுகை வளைத்துத் தலையைத் தாழ்த்துவது, காற்றில் படும் பரப்பைக் குறைக்கவே.

மேட்டில் எடையே முதன்மை பெறுகிறது. நூறு மீட்டர் தொலைவில் ஐந்து மீட்டர் உயரும் சாலையில், வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 70 கிலோ எனில், புவியீர்ப்பு ஏறத்தாழ 34 நியூட்டன் விசையுடன் பின்னிழுக்கும். 5 கிலோ புத்தகப்பை அதனுடன் மேலும் 2.5 நியூட்டனைச் சேர்க்கும். சமதளத்தில் சீராகச் செல்லும்போது அப்பையின் சுமை பெரிதாகத் தெரிவதில்லை.

ஆடி மாதத்தில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே மேலைக்காற்று விரைந்து வீசும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றை எதிர்த்து, அதே வேகத்தில் மேற்கு நோக்கிச் செல்லும் மாணவி நான்கு மடங்கு காற்றுத்தடையைச் சந்திக்கிறாள். அவள் திரும்பும்போது அத்தடை அறவே இல்லை. ஆயினும் கணக்கு நேராவதில்லை. காற்றில்லா நாளில் போகவும் வரவும் ஒவ்வொரு பங்காக, காற்றுத்தடைக்கு இரண்டு பங்கு உழைப்பு போதும். காற்று வீசும் நாளிலோ போவதற்கு மட்டுமே நான்கு பங்கு தேவை. மாலையின் உதவி காலையின் இழப்பை ஈடுசெய்வதில்லை.

ஆகவே, வேகத்தை மட்டும் கொண்டு உழைப்பை அளத்தல் பொருந்தாது. எதிர்காற்றில் மெல்ல வந்தவர், காற்றின் துணையோடு விரைந்து வந்தவரைவிட மிகுதியாக உழைத்திருக்கக்கூடும்.

தெரியுமா?

பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் கடந்து உலகச் சாதனை படைத்தார். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் அமைந்த அந்நகரில் காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் காற்றுத்தடையும் குறைவு.

கற்பவை கற்றபின்

பள்ளிக்கு வந்து செல்லும் நேரத்தையும் காற்றின் திசையையும் ஒரு வாரம் குறித்துவைத்து, வகுப்பறையில் கலந்துரையாடுக.