புலான்மறுத்தலும் வீட்டுப் பிராணிகளும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை இறப்பர்த் தோட்டங்களிலே சைவசமய பாடம் நடத்தும் ஆசிரியர்கள், புலான்மறுத்தலைப் பற்றிப் பேசத் தொடங்கிய அன்றே ஒரு வினாவை எதிர்கொள்வார்கள். “எங்க வீட்டுப் பூனை மீன் திங்குதே, அதுக்குப் பாவம் இல்லையா, சேர்?” என்பது அது. கேட்கும் பிள்ளை விளையாட்டாகக் கேட்கின்றானல்லன். வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டி ஆறு நாளும் அவன் வீட்டு அடுப்பில் மீன் ஏறாது. அந்நாட்களிற் பூனைக்குத் தயிர்ச்சோறே இடப்படும். பூனையோ அதனை முகர்ந்துவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போய்விடும். தீக்கை பெற்று மரக்கறியுணவை முழுதும் மேற்கொண்ட குடும்பங்களில் இவ்வினா இன்னுங் கூர்மையாய் எழுகின்றது. நாயையும் பூனையையும் சைவமாக்கலாமா, ஆக்குதல் நமக்குக் கடமையா என்று பெற்றோரே ஆசிரியரை வினாவுகின்றனர்.

முதலிலே சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். சைவம் என்பது சிவசம்பந்தம் எனப் பொருள்படுவது. ஒரு சமயத்தின் பெயர். அது நாளடைவில் உலகவழக்கிலே மரக்கறியுணவின் பெயராய்ச் சுருங்கிற்று. சுருங்கியதனாலே “சைவப் பூனை” என்னும் பேச்சும் உண்டாயிற்று. பூனைக்குச் சமயம் இல்லை. உணவு மாத்திரம் உண்டு. இந்த வேறுபாட்டை மாணாக்கர் மனத்திற் பதித்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது என்பது என் கருத்து.

திருக்குறளிலே புலான்மறுத்தல் 26ஆம் அதிகாரம். கொல்லாமை 33ஆம் அதிகாரம். இரண்டும் துறவறவியலில் வைக்கப்பட்டன. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் தமது நான்காம் பாலபாடத்திலே கொலையையும் புலாலுண்ணலையும் தனித்தனிப் பாடங்களாக்கினார்கள். இவையெல்லாம் யாரை நோக்கி எழுந்தன? செய்யத் தக்கது இது, தகாதது இது என்று அறிந்து, ஒன்றை விட்டு மற்றொன்றைக் கொள்ள வல்ல மக்களை நோக்கி எழுந்தன. விதியும் விலக்கும் அறியும் ஆற்றல் இல்லாத பிறப்புக்கு விதிநூல் எழுதுவார் இலர்.

சித்தாந்தம் இதனை இன்னும் தெளிவாக விளக்கும். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் இறைவன் ஆன்மாவுக்கு அதன் இருவினைக்கு ஈடாகக் கூட்டுவிக்கின்றான். பூனையின் உடம்பு எவ்வினைக்கு ஈடாக வந்ததோ அவ்வினைக்கு ஈடாகவே அதன் போகமும் வந்தது. உகிரையும் கூரிய பல்லையும் இருளிற் காணும் கண்ணையும் கொடுத்த திருவருளே, அவ்வுடம்பு எதனால் நிலைபெறும் என்பதையும் உடன் அமைத்தது. ஆகவே எலியைக் கொல்லும் பூனை பாவம் ஈட்டுகின்றதா என்று கேட்கும் பிள்ளைக்கு, “இல்லை, அது தன் பழவினையை நுகர்கின்றது” என்று தயங்காது விடை கூறலாம்.

இவ்விடத்திலே மற்றொரு வாதம் குறுக்கிடும். யான் மிஷன் பாடசாலையிற் கற்ற காலத்து உபாத்தியாயர் ஒருவர் அதனை அடிக்கடி எடுத்துக்கூறுவார். கடவுளே புலியையும் பூனையையும் இறைச்சி தின்னும்படி படைத்தாரெனின், மனிதன் தின்பது மாத்திரம் எங்ஙனங் குற்றமாகும் என்பது அவ்வாதம். அவர் நல்லவர், விலங்கியலை அவரிடமே கற்றேன். ஆயினும் அவ்வாதம் நிலைபெறுவதன்று. பூனையினால் இயலாத ஒன்று மனிதனால் இயலும். புலாலை விடுத்துப் பாலும் பருப்பும் தானியமும் கீரையும் உண்டு தலைமுறை தலைமுறையாகச் சுகமாய் வாழ்ந்தோர் நம் நாட்டில் எண்ணிறந்தோர். விடக்கூடியதை விடாமை குற்றமாகும். விடவியலாததை விடாமை குற்றமாகாது.

பூனையை அளவுகோலாகக் கொண்டு மனிதனை அளந்தார் அவ்வுபாத்தியாயர். மனிதனை அளவுகோலாகக் கொண்டு பூனையை அளக்கின்றனர் நம்மவருட் சிலர். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

இனி, பூனையினால் இயலாது என்றது வெறும் ஊகமோ எனின், அன்று, பரீட்சித்து அறியப்பட்டது. டோரின் என்று ஒரு சத்து உண்டு. 1827இல் எருதின் பித்தநீரிலிருந்து முதன்முதற் பிரித்தெடுக்கப்பட்டமையால், எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று அதற்குப் பெயர் வந்தது. (இடபத்தின் பெயரைத் தாங்கிய ஒன்று பூனையின் கண்ணைக் காப்பது மாணாக்கர் நினைவில் எளிதில் நிற்கும்.) அது இறைச்சியிலும் மீனிலும் உண்டு, நெல்லிலும் பருப்பிலும் கிழங்கிலும் இல்லையென்றே சொல்லலாம். நாயின் உடம்பு அதனைப் பெரும்பாலும் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடம்பு வேண்டிய அளவு ஆக்கமாட்டாது. 1975இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், கேசீன் என்னும் பாற்புரதத்தையே புரதமாகக் கொண்ட உணவிலே வளர்க்கப்பட்ட பூனைகளுக்கு விழித்திரை அழிந்து பார்வை கெடுவதையும், அதற்கு டோரின் குறைவே காரணமென்பதையும் வெளியிட்டனர். 1987இல் கலிபோர்னியாவிலே, அதே குறைவினாற் பூனையின் இதயம் வீங்கித் தளர்ந்து மரணம் நேர்வதும், காலத்தில் டோரின் கொடுத்தால் அவ்விதயம் தேறுவதும் கண்டறியப்பட்டன.

முதலாவது பரீட்சையில் ஆசிரியர்கள் கவனிக்கவேண்டியது, அங்கே கொடுக்கப்பட்ட புரதம் பாலின் புரதம் என்பதே. “பாலுஞ் சோறும் போதும், பூனை பாலைத்தானே விரும்பும்” என்னும் நம் வீட்டு நம்பிக்கை அப்பூனைகளின் கண்ணோடு போயிற்று. அன்றியும், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரியாது கழிச்சலாகும். கரட்டிலும் பூசணியிலும் கீரையிலும் உள்ள மஞ்சட்சத்தை நம் உடம்பு விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையின் உடம்பு மாற்றமாட்டாது. “பசித்தால் தானே தின்னும்” என்று பட்டினி போடுவதும் தகாது. சில நாள் உண்ணாதிருக்கும் பூனைக்கு, அதிலுங் கொழுத்த பூனைக்கு, ஈரலிற் கொழுப்பேறி உயிருக்கே மோசம் வரும்.

மேனாடுகளிலே செயற்கையாகச் செய்த டோரினும் பிற சத்துக்களுஞ் சேர்த்து, இறைச்சியில்லாத பூனையுணவு செய்து விற்கின்றனர். டோரினைத் தொழிற்சாலையில் ஆக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் அவ்வுணவில் வளரும் பூனையின் சிறுநீரில் உப்புக் கற்கள் உண்டாகாதபடி மிருக வைத்தியர் அடிக்கடி சோதித்தல் வேண்டும். ஆண்பூனைக்கு அக்கல் வழியை அடைத்தால் ஓரிரு நாளில் மரணம். தெரணியகலைத் தோட்டத்திலோ இறக்குவானைத் தோட்டத்திலோ, இலயத்தில் வாழும் ஒரு குடும்பம் இதனைச் செய்தல் கூடுமோ? கூடாதென்பதை வாசிப்போரே அறிவர்.

“எங்கள் பூனை பத்து வருஷமாகச் சோறுந் தயிருமே தின்று சுகமாயிருக்கின்றதே” என்பாரும் உளர். அவர் பொய் சொல்கின்றாரல்லர்; தாம் கண்டதைச் சொல்கின்றார். காணாதது யாதெனின், அப்பூனை இரவிலே கூரையிற் பிடித்த எலியும், பீலிக்கரையிற் பிடித்த தவளையும், சுவரிற் பிடித்த பல்லியுமாம். எலியின் உடம்பிலே டோரின் நிறைய உண்டு. சோறு வயிற்றை நிரப்பிற்று. எலி கண்ணைக் காத்தது. அப்பூனையை இரவும் பகலும் காம்பராவுக்குள்ளே பூட்டிவைத்து அதே சோற்றைக் கொடுத்தால் உண்மை வெளிப்படும். அதனை ஒருவரும் செய்து பார்க்க வேண்டாம்.

இவ்வகை மயக்கம் நம் புண்ணிய ஸ்தலங்களிலும் உண்டு. செங்கற்பட்டுக்கு அருகேயுள்ள திருக்கழுக்குன்றத்து மலையிலே, நண்பகலில் வந்திறங்கும் இரண்டு கழுகுகளுக்கு அர்ச்சகர் சர்க்கரைப்பொங்கல் ஊட்டும் வழக்கம் நெடுங்காலம் நிகழ்ந்தது. 1990களின் இறுதியோடு அப்பறவைகளின் வரவு நின்றது. அவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தன. இறந்த பிராணிகளின் உடலையும் முட்டையையும் கழிவையும் தின்று வாழ்வன. கோயிலிற் பெற்றது ஒரு வாய்ப் பிரசாதம். மற்றைப்பொழுதில் அவை பாறுகளாகவே வாழ்ந்தன. காசர்கோட்டைச் சேர்ந்த அனந்தபுரம் ஏரிக் கோயிலிலே பபியா என்னும் முதலை நைவேத்தியச் சோற்றை உண்டு வாழ்ந்ததென்று பத்திரிகைகள் புகழ்ந்தன. அது 2022ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆந் திகதி இறந்தது. அவ்வேரியில் மீனும் இருந்தது. பிரசாதத்தின் பெருமையை யான் மறுக்கின்றேனல்லேன். அதனை உயிர்நூலுக்குச் சான்றாக்குதலையே மறுக்கின்றேன்.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் நம்மினுந் தெளிந்திருந்தனர். திருக்கழுக்குன்றத்துக்கு அண்மையிலுள்ள மாமல்லபுரத்திலே, 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி பெரும்பாறையிற் செதுக்கிய தவக்காட்சியின் ஒருபால், பூனையொன்று முன்கால்களைத் தலைமேல் உயர்த்தித் தவஞ் செய்கின்றது. அதன் காலடியில் எலிகள் நிற்கின்றன. உருத்திராட்சப் பூனை என்னும் வழக்கும் நம்மிடம் உண்டு. பூனையைத் தவசியாகக் கண்டு ஏமாறுவது எலியின் வேலை. நாமும் அதனைச் செய்யவேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் மரக்கறியுணவே கொள்ளும் சைவன் பூனைக்காக மீன் வாங்கலாமோ? வினா இங்கேதான் கடினமாகின்றது. வாங்குவோனும் கொலைக்குக் காரணனாவன் என்னும் நியாயம் புலான்மறுத்தல் அதிகாரத்திலே உளது. அதனை மழுப்புதல் ஆகாது. யான் கூறுவது வருமாறு. விரதம் உடையவர் புதிதாய்ப் பூனையை வாங்கிக் கூண்டிலோ அறையிலோ அடைத்து வளர்த்தல் வேண்டாம். முன்னமே வீட்டை அடைந்துவிட்ட பூனையைப் பட்டினியாலும் குருட்டாலும் தண்டித்தலும் வேண்டாம். நாம் பூண்ட விரதத்துக்கு அது விலை கொடுத்தல் எந்நூலிலும் விதிக்கப்படவில்லை. லொறியிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் தோட்டத்துக்கு மீன் கொண்டுவருவோர் வெட்டியெறியும் தலையும் குடலும் நாள்தோறுங் குப்பையிற் போகின்றன. அவற்றைப் பெற்று இடுவதனால் ஒரு மீனும் மேலதிகமாய்ச் சாவதில்லை. முள்ளை நீக்கி வேகவைத்துக் கொடுக்கவேண்டும்; சில பச்சைமீன்கள் விற்றமின் பி1 ஐ அழிக்கும். பாத்திரமும் இடமும் சமையலறைக்கு வெளியே இருத்தல் போதும். எலிக்காய்ச்சல் இலங்கையில் மிகுதியாய்ப் பதிவாகும் மாவட்டங்களுள் இரத்தினபுரியும் கேகாலையும் உள்ளன என்பதையும், இலயத்துப் பூனை சும்மா சோறு தின்னும் பிராணியன்று என்பதையும் உடன் எண்ணுக.

நாயின் நிலை வேறு. ஓநாயின் வழிவந்ததாயினும் மனிதனோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்து அவன் சோற்றைப் பங்கிட்டு உண்டமையால் அதன் உடம்பே மாறிற்று. 2013இல் சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்டதன்படி, மாப்பொருளைச் செரிக்கும் நீரை உண்டாக்கும் மரபணு ஓநாயில் இரண்டு படியே உள்ளது; நாய்களிலோ நான்கு முதல் முப்பது வரை காணப்பட்டது. பிரித்தானிய மிருக வைத்தியர் சங்கமும், நாய்க்கு மரக்கறியுணவு கூடாதென்ற தன் பழைய நிலையை 2024இல் விட்டது. பூனைக்கு அதனை விதந்துரைத்திலது. ஆதலால் விரதமுடைய வீட்டார் நாயை மரக்கறியுணவில் வளர்த்தல் கூடும்.

கூடும் என்றதனால் எச்சிற்சோறு போதுமென்று கொள்ளற்க. நம் தோட்டங்களில் நாய் பெறுவது பெரும்பாலும் கோதுமை ரொட்டித் துண்டும் கஞ்சியுமே. அது மரக்கறியுணவன்று, பட்டினியின் மறுபெயர். சோற்றோடு நன்கு வெந்த பருப்போ கடலையோ, தயிர், சிறிது எண்ணெய், வெந்த கரட் அல்லது பூசணி இவை வேண்டும். சுண்ணாம்புச் சத்தும் விற்றமின் டி, பி12 என்பனவும் வீட்டுச் சமையலிற் குறைவுபடுமாதலால், நாயை முழுதும் இவ்வுணவிலேயே வைப்போர் அரசாங்க மிருக வைத்தியரைக் கேட்டு அவற்றைச் சேர்த்தல் வேண்டும். குட்டிகளும், குட்டிக்குப் பால் கொடுக்கும் நாயும் இதனாற் பெரிதும் இடர்ப்படும். அவற்றை இந்நெறியிற் புகுத்தாது விடுதல் நன்று. வெங்காயச் சம்பல் படிந்த ரொட்டியை நாய்க்கும் பூனைக்கும் போடலாகாது. வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் அவற்றின் குருதியணுக்களை அழிப்பன. வதக்கினாலும் அக்குணம் போகாது. முந்திரிகை வற்றலிட்ட சர்க்கரைப்பொங்கலையும் நாய்க்கு இடற்க.

வகுப்பிலே இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர் அன்றே விடையைச் சொல்லிவிட வேண்டாம். பூனை வளர்க்கும் பிள்ளைகள், அது வீட்டிலே தின்றது யாது, வெளியிலிருந்து கவ்விக்கொண்டு வந்தது யாது என்று ஏழு நாள் எழுதிவருக. நாய் வளர்ப்போர், அதற்கு நேற்று ஒருநாள் முழுதும் என்ன கிடைத்தது என்று எழுதுக. எட்டாம் நாள் அக்கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிவைத்துப் பாடத்தைத் தொடங்கலாம்.