குடத்திலிட்ட ஒலி

உள்ளங்கை அகல ஸ்மார்ட் ஸ்பீக்கர் குடியேறிய வீடுகளில் இப்போது ஓயாமல் கைமாறிவரும் யோசனை ஒன்று உண்டு. அந்தக் கருவியைப் பித்தளைக் குடத்துக்குள்ளோ மண்பானைக்குள்ளோ இறக்கி வைத்தால் பாட்டு கணீரென்று கேட்கும் என்றும், பேஸ் எனப்படும் தாழ்ந்த சுரங்களின் அதிர்வு இரட்டிப்பாகும் என்றும், குடம் இல்லாதவர் ஷோகேஸின் ஆழமான தட்டுக்குள் தள்ளி வைத்தாலே போதும் என்றும் அந்த யோசனை கூறுகிறது. கைப்பேசியைக் காலி டம்ளருக்குள் நிறுத்திப் பாட்டுக் கேட்ட பழக்கத்திலிருந்து கிளைத்த இந்த நம்பிக்கையை எத்தனை முறை மறுத்தாலும் அது மீண்டும் தலைதூக்குகிறது. ஆகவே அதை அடியோடு ஆராய்ந்த பின்னரே ஏனையவற்றுக்குச் செல்வது முறை.

நம்பிக்கை: குடத்துக்குள் வைத்தால் இசை சிறக்கும்.

உண்மை: சத்தம் கூடும், இசை கெடும்.

குடம் தானாக எந்த ஆற்றலையும் உண்டாக்குவதில்லை. அறையின் எல்லாத் திசைகளிலும் பரவ வேண்டிய ஒலியைத் தடுத்து வாய்வழியே ஒரே பக்கம் அனுப்புவது அது செய்யும் முதல் வேலை. தன் வயிற்றிலுள்ள காற்றின் இயல்புக்கு இசைந்த ஒரு சுரத்தை மட்டும் பெருக்கிக் காட்டுவது இரண்டாவது வேலை. காலிப் புட்டியின் வாயில் ஊதும்போது எப்போதும் ஒரே சுரம் எழுவதற்குக் காரணமான இந்த நிகழ்வுக்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1863இல் வெளிவந்த தம் இசையியல் நூலுக்கான ஆய்வுகளில், பல சுரங்கள் கலந்த ஒலியிலிருந்து ஒன்றைத் தனியே பிரித்துக் கேட்பதற்கு உள்ளீடற்ற பித்தளை உருண்டைகளைப் பயன்படுத்தினார். ஒரு புறம் ஒலி புகும் வாயும் மறுபுறம் காதில் பொருத்தும் குழாய்முனையும் உடைய அந்த உருண்டை ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரு சுரத்துக்கு மட்டுமே முழங்கும், மற்றவற்றுக்கு ஏறத்தாழ ஊமையாகவே இருக்கும். ஒரு சுரத்தை மட்டும் பொறுக்கியெடுக்கும் கருவியாக அறிவியல் கையாண்ட வெற்றுப் பித்தளையை, எல்லாச் சுரங்களும் தத்தம் அளவில் ஒலிக்க வேண்டிய இசைக்குப் போர்வையாக்குவது எவ்வளவு தலைகீழான செயல் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஹெல்ம்ஹோல்ட்ஸின் கணக்கையே வீட்டுக் குடத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். 10 லிட்டர் கொள்ளளவும் 12 சென்டிமீட்டர் அகல வாயும் 4 சென்டிமீட்டர் கழுத்தும் கொண்ட குடத்தின் காற்று, தோராயமாக நொடிக்கு 160 முறை அதிர்வதையே, அதாவது 160 ஹெர்ட்ஸ் வட்டாரத்தையே விரும்புகிறது. 1 கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ் என்பதால், அதற்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் மேலே நிற்கும் அந்தர காந்தாரம் 164 ஹெர்ட்ஸில், குடத்தின் விருப்பச் சுரத்தை ஒட்டியே விழுகிறது. எனவே கல்யாணியையோ சங்கராபரணத்தையோ பாடும் அவர் காந்தாரத்தைத் தொடும் போதெல்லாம் குடம் குமுறும், அதை விட்டு அவர் ரிஷபத்துக்கு இறங்கியதும் குமுறல் தணியும். பாடகர் கொடுக்காத அழுத்தத்தைக் குடம் கொடுக்கிறது. அவர் கொடுத்த நுட்பமான ஏற்ற இறக்கமோ அதற்குள் அமுங்கிப்போகிறது. கச்சேரிக்கு வரும் கட வித்துவான் பாடகரின் சுருதிக்கேற்ற கடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவருவதற்குக் காரணம், ஒவ்வொரு பானைக்கும் சொந்தமாக ஒரு சுருதி உண்டு என்பதே. கட வித்துவான்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கும் இந்த உண்மையை, அவர்களது கச்சேரியை ரசிக்கும் வீடுகளே மறந்துவிடுவது வருத்தத்துக்குரியது.

அப்படியானால் குடத்துக்குள்ளிருந்து வரும் பாட்டு நன்றாக இருப்பதாகப் பலர் உறுதியாகக் கூறுவது ஏன்? சத்தம் கூடிய ஒலியைத் தரம் கூடிய ஒலியாகக் கொள்வது மனிதச் செவியின் இயல்பு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு, மெல்லிய ஒலியில் தாழ்ந்த சுரங்களைச் செவி மிகவும் குறைவாகவே உணர்கிறது என்றும், சத்தம் உயர உயர அவை பிற சுரங்களுக்கு நிகராக எழுந்து வருகின்றன என்றும் காட்டியது. குடம் தரும் கூடுதல் சத்தத்தில் பேஸ் பிறந்ததாகத் தோன்றுவது இதனால்தான். ஐயமுள்ளவர் கருவியை வெளியே எடுத்து, குடத்துக்குள் இருந்தபோது கேட்ட அதே சத்தம் வரும்வரை ஒலியளவை உயர்த்தி, இரண்டையும் கண்ணை மூடி மாறி மாறிக் கேட்டால் எது தெளிவானது என்பது விளங்கிவிடும். மேலும், இத்தகைய கருவி வாய்மொழிக் கட்டளையைக் கேட்டு இயங்குவது. அதன் மைக்குகளைக் குடத்துக்குள் அடைத்துவிட்டு, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று குறைகூறுவதில் நியாயம் இல்லை.

மூலையிலோ சுவரோரமோ வைத்தால் பேஸ் கூடும் என்ற கருத்து அரை உண்மை. சுவரை ஒட்டி வைக்கும்போது தாழ்ந்த சுரங்கள் 6 டெசிபல் வரை உயரக்கூடும் என்பது சரியே. ஆனால் மூன்று பரப்புகள் கூடும் மூலையில் அந்த உயர்வு அளவு மீறிப்போவதால், குரலும் வயலினும் இரைச்சலுக்கு அடியில் புதைகின்றன. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காதின் உயரத்தில், முன்புறம் திறந்த மேசைமேல் வைப்பதே பெரும்பாலான அறைகளுக்குப் பொருந்தும் இடம். பேஸ் சற்றே போதாவிட்டால் விரற்கடை விரற்கடையாகச் சுவரை நோக்கி நகர்த்திக் கேட்டுப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம்.

பேஸ் மீதான இந்தத் தீராத ஏக்கத்தின் வேர் கருவியின் அளவில் இருக்கிறது. கூகுள் நெஸ்ட் மினியின் ஒலிவட்டு, அதாவது காற்றை முன்னும் பின்னும் தள்ளும் கூம்பு, 40 மில்லிமீட்டர் விட்டமுடையது. அமேசான் எக்கோ டாட்டின் நான்காம் தலைமுறையிலும் ஏறத்தாழ அதே அளவுதான். சுரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்போது அதே சத்தத்தைத் தருவதற்குக் கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும் என்பது இயற்பியல் விதி. சில மில்லிமீட்டர்கூட அசைய இடமில்லாத சிறு கூம்பிடம் பேஸ் கிடாரின் 41 ஹெர்ட்ஸ் அடிச்சுரத்தை எதிர்பார்ப்பது வீண். ஆயினும் இதில் மனம் தளர வேண்டியதில்லை. ஒரு சுரத்துடன் சேர்ந்தே ஒலிக்கும் மடங்குச் சுரங்களான மேற்சுரங்கள் தெளிவாகக் கிடைத்தால், இல்லாத அடிச்சுரத்தையும் மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் பூசப்படும் 'சோறு' என்னும் கருநிறப் பசை அதன் மேற்சுரங்களை ஒழுங்கான மடங்குகளாக அமைக்கிறது என்பதை, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1920இலேயே சக ஆய்வாளருடன் இணைந்து எடுத்துக்காட்டினார். இடப்பக்கமான தொப்பியின் கும்கி என்னும் ஆழ்ந்த நாதம் ஓரளவு மெலிந்தாலும், வலந்தலையின் சொற்கட்டுகளைச் சிறிய ஸ்பீக்கர் திருத்தமாகவே தரும். அந்தத் திருத்தத்தைத்தான் குடம் கெடுக்கிறது.

எஞ்சிய நம்பிக்கைகள் நீண்ட மறுப்புக்குத் தகுதியற்றவை.

நம்பிக்கை: சுருக்கப்படாத உயர்தரப் பாடல் சேவைக்குச் சந்தா கட்டினால் ஒலி மாறிவிடும்.

உண்மை: செயலியில் 'குறைந்த டேட்டா' என்னும் அமைப்பை நீக்கி உயர்தரத்தைத் தேர்ந்தால் போதும். அதற்கும் மேலான நுட்பங்களை 40 மில்லிமீட்டர் கூம்பு வெளிப்படுத்தாது.

நம்பிக்கை: வாட் எண்ணிக்கை கூடினால் தரம் கூடும்.

உண்மை: வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. சத்தம் இருமடங்காகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும்.

நம்பிக்கை: ஈக்வலைசரில் பேஸை முழுவதும் ஏற்ற வேண்டும்.

உண்மை: சிறு கூம்பு திணறிக் கரகரக்கும். பேஸை ஓரிரு படிகள் மட்டும் ஏற்றி, ஒலியளவை முக்கால் பங்குக்குள் நிறுத்துவதே நலம். கூடுதல் நிறைவு வேண்டுவோர், ஒரே வகையான இரண்டு ஸ்பீக்கர்களை இணைத்து இடவலமாக ஒலிக்கச் செய்யலாம்.

இத்தனையையும்விடப் பெரிய குற்றவாளி அறை. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக உரையரங்கில் பேச்சே புரியவில்லை என்ற குறையைத் தீர்க்குமாறு பணிக்கப்பட்ட வாலஸ் சபைன், அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்துவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். 5 நொடிக்கும் மேல் நீடித்த எதிர்முழக்கம், அதாவது ஒலிமூலம் நின்ற பின்னும் சுவர்களில் மோதி மோதி நீளும் ஒலி, மெத்தைகள் நிறைந்தபோது ஏறத்தாழ ஒரு நொடியாகச் சுருங்கியது. திறந்த சன்னலில் விழும் ஒலி திரும்பி வருவதேயில்லை என்பதால், ஒலியை விழுங்கும் திறனுக்கு அவர் வகுத்த அலகே திறந்த சன்னலின் பரப்புதான்.

12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட, சிமென்ட் பூச்சும் வழவழத்த டைல்ஸும் மட்டுமே உள்ள வெற்றறை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். சுவரும் தரையும் தம்மீது விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு பங்கையே விழுங்குவதாகக் கொண்டால், சபைனின் வாய்பாட்டின்படி எதிர்முழக்கம் 4 நொடியைத் தாண்டுகிறது. அதே அறையில் 4 அடி உயரமும் 3 அடி அகலமும் கொண்ட சன்னலைத் திறந்ததும் அது ஏறத்தாழ பாதியாகிறது. தெரு இரைச்சலுக்கு அஞ்சிச் சன்னலைத் திறக்க இயலாதவர், சுருட்டி வைத்த இலவம்பஞ்சு மெத்தையை விரித்துச் சுவரோரம் சாய்த்தால் அதற்கு நிகரான பயன் கிடைக்கும். கனத்த திரைச்சீலையும் தரையில் விரித்த சமுக்காளமும் புத்தக அலமாரியும் எஞ்சியதைப் பார்த்துக்கொள்ளும்.

நடுவில் வானம் பார்த்த முற்றம் இருந்த பழைய வீடுகளில் அந்த முற்றமே மிகப் பெரிய திறந்த சன்னலாக நின்று ஒலியை வெளியேற்றியது. இன்றைய அடுக்குமாடி வீடுகளிலோ காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஓரளவேனும் கணக்குப் பார்க்கும் கட்டுநர்கள், செவி என்றொரு புலன் இருப்பதையே மறந்துவிட்டு, நாற்புறமும் பளபளப்பைப் பூசிச் சாவியை ஒப்படைக்கின்றனர். அத்தகைய கூடத்தில் குழந்தையின் மழலையும் முதியவரின் மெல்லிய குரலும் பாட்டைப் போலவே கலங்கித்தான் கேட்கின்றன. வீட்டு வரைபடத்தில் மின்விசிறிக்கும் குழாய்க்கும் இடம் குறிக்கப்படுவதுபோல், ஒலியை விழுங்கும் பரப்புக்கும் இடம் குறிக்கப்பட வேண்டும். வீடு வாங்குவோர் அதைக் கேட்டுப் பெறவும் வேண்டும். வெற்றுக் கூடம் என்பது, ஸ்பீக்கரும் அதைக் கேட்பவரும் சேர்ந்தே உள்ளே அடைபட்ட பெரிய குடமே.